குதிரைக்கு 350 ரூபாய், குப்பத்துக்கு எவ்வளவு?

(காத்திவாக்கத்தில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘பெரிய விபத்துக்குப் பின்னால் குடும்பங்களுக்கு நியாயம் வாங்கித் தருவது வீதியா? வழக்கா?’ ‘வழக்கே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)



சகோதரி பேசி முடிக்கும்போது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. “இந்த வடசென்னை மண்ணிலே தொழிலாளிக்காக நின்ற சிங்காரவேலர், வக்கீல் அங்கியையே தூக்கி எறிஞ்சவர். அவருக்கே வேண்டாம்னு போன கோட்டை நீங்க ஏன் தூக்கிப் பிடிக்கிறீங்க?” அப்படீன்னாங்க. கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல பேச்சு யார் பேசினாலும் தட்டணும் இல்லையா?

உண்மைதான். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்திலே சிங்காரவேலர் வக்கீல் தொழிலை விட்டார். ஆனா, அய்யா, அவர் அங்கியைத்தான் விட்டார். சட்டம் படிச்ச மூளையை வீட்டிலே கழற்றி வச்சுட்டு வரலை! 1923-ல் சென்னையிலே மே தினம் கொண்டாடினாரே, அந்த மேடையிலே நின்னதும் அதே மூளைதான். கோட்டு இல்லாத வக்கீலும் வக்கீல்தான். இது எங்க அணிக்குத்தான் சேரும். (சிரிப்பு)

சரி, நான் கொஞ்சம் பின்னால போறேன். ரொம்பப் பின்னால. 1808.

இங்கிலாந்திலே ஒரு புருஷனும் பெண்சாதியும் குதிரைக் கோச்சு வண்டியிலே போறாங்க. வண்டி கவிழ்ந்தது. புருஷனுக்குச் சிராய்ப்பு. பெண்சாதிக்குப் பலத்த அடி. ஒரு மாசம் ஆஸ்பத்திரியிலே கிடந்து செத்துப் போனாங்க. புருஷன் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி எல்லன்பரோ பிரபு என்ன சொன்னார் தெரியுமா? “உனக்குப் பட்ட சிராய்ப்புக்குப் பணம் உண்டு. உன் மனைவி உயிரோடு கிடந்த ஒரு மாசம் அவள் துணை உனக்கு இல்லாமல் போனதே, அதற்கும் உண்டு. செத்துப் போனதற்குக் கிடையாது. ஒரு மனிதரின் சாவை உரிமை வழக்கிலே ஒரு நஷ்டமாக எடுத்துக்கொள்ள முடியாது.” சாராம்சம் இதுதான்.

கேக்குறீங்களா? காலை ஒடிச்சா காசு. ஆளையே கொன்னுட்டா காசு இல்லை! அப்ப வண்டிக்காரனுக்கு எது லாபம்? இடிச்சதும் இடிச்சோம், முழுசா முடிச்சுட்டுப் போவோம்னு நினைக்க மாட்டானா? இது சட்டமா, சாபமா?

இந்தச் சாபம் 38 வருஷம் அப்படியே இருந்தது. நடுவிலே ரயில் வந்தது. ரயில் வந்தா விபத்தும் வரும். கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பிறகு 1846-ல், செத்தவருடைய மனைவி, கணவன், பிள்ளைகள், தாய் தகப்பன் வழக்குப் போடலாம் என்று இங்கிலாந்திலே சட்டம் வந்தது. அதைப் பார்த்து ஒன்பது வருஷம் கழித்து இந்தியாவிலே 1855-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம் வந்தது. உயிர்ச்சேத விபத்துச் சட்டம்னு வச்சுக்குங்க. சிப்பாய்க் கலகத்துக்கே இரண்டு வருஷம் முந்தின சட்டம் அது. இன்றைக்கும் ஒரு வீட்டிலே உழைக்கிற ஆள் யாரோ ஒருவருடைய அலட்சியத்தால் செத்தா, அந்த வீட்டு அம்மா கோர்ட்டுப் படி ஏறுவதற்கு அந்தச் சட்டம் ஒரு கைப்பிடி.

ஆனா இதிலே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. வண்டிக்காரன் மேலே வழக்குப் போடலாம். ரயில் கம்பெனி மேலே போடலாம். சர்க்கார் மேலே போடலாமா?

இங்கேதான் குதிரை வருது.

கல்கத்தாவிலே கிடர்ப்பூர்னு ஒரு கப்பல் கட்டும் துறை. சர்க்காருடையது. பி அண்டு ஓ என்ற கப்பல் கம்பெனியின் வண்டி அந்த வழியாகப் போகுது. சர்க்கார் கூலியாட்கள் ஒரு பெரிய இரும்புத் துண்டை ரோட்டுக்குக் குறுக்கே தூக்கிக்கிட்டுப் போறாங்க. வண்டி வருவதைப் பார்த்துப் பயந்து ‘டமார்’னு கீழே போட்டாங்க. குதிரை மிரண்டது. அடிபட்டது. கம்பெனி வழக்குப் போட்டது. 1861-ல் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் தீர்ப்புச் சொன்னார்: சர்க்கார் பணம் கட்ட வேண்டும். எவ்வளவு? 350 ரூபாய்.

அந்தக் காலத்து 350 ரூபாய் பெரிய பணம். தாராளமாகக் கொடுக்கட்டும், நமக்கொன்றும் வருத்தமில்லை. ஆனா அந்தத் தீர்ப்பிலே ஒரு வரப்பு போட்டார்கள். சர்க்கார் வியாபாரி மாதிரி ஒரு வேலை செய்தால், வியாபாரி மாதிரிப் பொறுப்பு. ராஜா மாதிரி ஒரு வேலை செய்தால், ராஜா மேலே வழக்கு இல்லை. இந்த வரப்பை வச்சுக்கிட்டு நூறு வருஷத்துக்கு மேலே நம்ம ஜனங்களை அலைய விட்டார்கள் அய்யா.

ஒரு உதாரணம் சொல்றேன், சிரிக்கிறதா அழுறதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. 1947. மீரட் ஊரிலே ஒரு நகை வியாபாரியைப் போலீஸ் சந்தேகத்தின் பேரில் பிடித்தது. அவரிடம் இருந்த 103 தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தையும், மூட்டை வெள்ளியையும் வாங்கிப் போலீஸ் பண்டகசாலையிலே வைத்தார்கள். மனுஷன் ஜாமீனிலே வெளியே வந்தார். “என் தங்கம் எங்கே?”ன்னார். பண்டகசாலைக்குப் பொறுப்பான ஏட்டு தங்கத்தை எடுத்துக்கிட்டுப் பாகிஸ்தானுக்கே போயிட்டார்! (சிரிப்பு) சிரிச்சுட்டீங்க. அவர் வருஷக்கணக்கா வழக்கு நடத்தினார். 1964-ல் உச்ச நீதிமன்றம், போலீஸ் வேலை ராஜா வேலை, ஆகவே சர்க்கார் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. இந்தச் சட்டம் நன்றாக இல்லை, இதை மாற்றுங்கள் என்று அந்தத் தீர்ப்பே ஆதங்கப்பட்டது. அது வேற விஷயம்.

எதிரணி இங்கே எழுந்து, “பார்த்தீங்களா, உங்க வழக்கு தோத்துப் போச்சு”ன்னு சொல்லும். சொல்லட்டும். அதுக்குப் பிறகு என்ன ஆச்சுன்னு நான் சொல்றேன்.

டில்லியிலே சாந்தினி சவுக். நகர மண்டபத்துக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு. 1951-ல் ஒரு நாள் அந்த மணிக்கூண்டு தானாக இடிஞ்சு விழுந்தது. கீழே போய்க்கிட்டிருந்தவங்க செத்தாங்க. காற்று இல்லை, மழை இல்லை, பூகம்பம் இல்லை. ஒரு விதவைத் தாய் பிள்ளைகளோடு கோர்ட்டுக்குப் போனாங்க. நகராட்சி சொன்னது: “எங்களுக்கு எப்படித் தெரியும்? வெளியிலே பார்த்தா நல்லாத்தான் இருந்தது.”

அந்த வழக்கிலே தலைமைப் பொறியாளரே கூண்டில் ஏறிச் சொன்ன சாட்சியம் ஒன்று இருக்கு. மணிக்கூண்டுக்கு வயசு சுமார் 80. அது கட்டப்பட்ட சாந்துக் கலவைக்கு ஆயுள் 40, 45 வருஷம். அதாவது ஆயுள் முடிஞ்சு இன்னொரு ஆயுளும் ஓடிப்போச்சு. யாரும் ஏறிப் பார்க்கலை, சுரண்டிப் பார்க்கலை. 1966-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது வழியை ஒட்டி நிற்கிற கட்டடம் நகராட்சியுடையது என்றால், அது உறுதியாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது நகராட்சியின் கடமை. தெரியாது என்பது பதில் இல்லை. விழுந்ததே சாட்சி.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் பொறியாளரைக் கூண்டிலே ஏற்றி, “அய்யா, அந்தச் சாந்துக்கு ஆயுள் எத்தனை வருஷம்?”னு ஒரு கேள்வி கேட்டாரே ஒருத்தர், அந்தக் கேள்வியை வீதியிலே நின்னு கேட்க முடியுமா? வீதியிலே “ஒழிக!”ன்னு சொல்லலாம். “சாந்துக்கு என்ன வயசு?”ன்னு கேட்டா யார் பதில் சொல்லுவா? (கைதட்டல்)

அப்புறம் வருது ஒரு தாயின் கடுதாசி. ஒரிசாவிலே ஒரு அம்மா, நிலாபதி பெஹரா. 22 வயசுப் பையனைப் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போச்சு. மறுநாள் பையன் ரயில் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தான். தப்பி ஓடும்போது ரயிலிலே அடிபட்டான்னு சொன்னாங்க. அந்த அம்மா 1988-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. அந்தக் கடிதத்தையே கோர்ட்டு மனுவாக எடுத்துக்கொண்டது. 1993-ல் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பணம் பெரிசில்லை. ‘ராஜா வேலை’ன்னு சொல்லி நூறு வருஷம் ஒளிஞ்சுக்கிட்டிருந்தாங்களே, அடிப்படை உரிமையைப் பறித்த இடத்திலே அந்தச் சாக்கு செல்லாது என்று அந்தத் தீர்ப்பு கதவை அடைத்தது. குதிரை அடிபட்டதிலிருந்து 132 வருஷம் ஆச்சு இதுக்கு!

இன்னொன்று, நம்ம ஊருக்கு ரொம்ப நெருக்கமானது. போபால் நடந்து ஒரு வருஷம் ஆன நேரம். 1985 டிசம்பர் 4. டில்லியிலே ஸ்ரீராம் உரத் தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. தீஸ் ஹசாரி கோர்ட்டிலே தொழில் பார்த்த ஒரு வக்கீலே அதிலே இறந்து போனார். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் அந்தத் தொழிற்சாலை மேலே ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தார். 1986 டிசம்பரிலே தலைமை நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். ஊருக்கு நடுவிலே ஆபத்தான பொருளை வைத்துப் பிழைக்கிறவன், “நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்” என்று சொல்லித் தப்ப முடியாது. கசிந்தால் பொறுப்பு. சாக்குப்போக்கு கிடையாது.

அதே மேத்தாதான் வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் கழிவுக்காக உச்ச நீதிமன்றத்திலே வாதாடினார். 1996 ஆகஸ்டு 28. கெடுத்தவனே பணம் கொடுக்கணும் என்பது இந்தியச் சட்டத்திலே ஊன்றிப் போனது பாலாற்றங்கரைத் தண்ணீரால்தான். அந்தத் தீர்ப்பிலே தோல் ஆலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம். மேத்தாவுக்கு வக்கீல் செலவாக 50,000 ரூபாய் தமிழ்நாடு அரசு கொடுக்கணும்னும் எழுதினார்கள். வக்கீலுன்னா பீஸு, பீஸுன்னு சகோதரி அஞ்சு தடவை சொன்னாங்க. நான் எண்ணிக்கிட்டிருந்தேன். அதனாலே இதைச் சொன்னேன்!

இப்ப நான் கொஞ்சம் நின்னு ஒரு கதை சொல்லணும். சிரிக்க முடியாத கதை.

1997 ஜூன் 13. டில்லியிலே உபஹார் தியேட்டர். ‘பார்டர்’ படம் ஓடுது. கீழ்த்தளத்திலே டில்லி மின்சார வாரியத்தின் டிரான்ஸ்பார்மர். அது தீப்பிடிச்சது. புகை மேலே ஏறுச்சு. பால்கனியிலே அதிகப்படியா சீட்டுப் போட்டு, ஒரு பக்கத்து வழியை அடைச்சு வச்சிருந்தாங்க. 59 பேர் செத்தாங்க. அதிலே ஒரு அக்கா, தம்பி. 17 வயசு, 13 வயசு. இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளிலே பறி கொடுத்த தாய் நீலம் கிருஷ்ணமூர்த்தி.

அந்த அம்மா வீட்டிலே உட்கார்ந்து அழுதுக்கிட்டே ஒரு காரியம் செய்தாங்க. பத்திரிகையிலே வந்த இறப்பு விளம்பரங்களைப் பார்த்து, மற்ற குடும்பங்களைத் தேடிப் போனாங்க. 28 குடும்பம் சேர்ந்தது. சங்கம் வச்சாங்க. இது வரைக்கும் எதிரணிக்கு மார்க்கு. நான் மறுக்கலை. அதுக்கப்புறம் நேரா கே.டி.எஸ். துளசி என்ற வழக்கறிஞரிடம் போனாங்க. அவர் பணம் வாங்காமல் வழக்கை எடுத்துக்கிட்டார்.

தியேட்டர் முதலாளி மேலே மட்டும் வழக்குப் போட்டிருந்தா சுலபம். அவங்க அப்படிப் போடலை. டிரான்ஸ்பார்மர் யாருடையது? மின்வாரியத்துடையது. கட்டடத்தைப் பார்க்க வேண்டியது யார்? மாநகராட்சி. வருஷா வருஷம் லைசென்ஸ் கொடுத்தது யார்? போலீஸ். எல்லாரையும் இழுத்தாங்க. 2003-ல் டில்லி உயர் நீதிமன்றம் கணக்குப் போட்டது. தியேட்டர் 55 பங்கு. மின்வாரியம் 15, மாநகராட்சி 15, லைசென்ஸ் கொடுத்த போலீஸ் 15. இருபது வயசுக்கு மேற்பட்டவர் இறந்த குடும்பத்துக்கு 18 லட்சம், அதற்குக் கீழே 15 லட்சம்.

ஒரு தீ விபத்திலே ‘கையெழுத்துப் போட்டவனுக்கும் பங்கு உண்டு’ன்னு நூற்றுக்கு இத்தனைன்னு பிரிச்சுச் சொன்ன தீர்ப்பு அய்யா அது!

ஆனா நான் உங்ககிட்டே பாதி மட்டும் சொல்லிட்டுப் போக மாட்டேன். 2011 அக்டோபரிலே உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. மாநகராட்சியையும் போலீஸையும் விடுவித்தது. தியேட்டர் 85, மின்வாரியம் 15. தொகையையும் 10 லட்சம், ஏழரை லட்சம் என்று குறைத்தது. ஜெயிச்ச வழக்கு பாதி தோத்தது. நீலம் அம்மா அப்போ கோர்ட்டுக்கு வந்து 14 வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கலை. பிடிக்கலைன்னு சொல்றதுக்கு எனக்கு உரிமை உண்டு. ஆனா ஒன்று கவனிங்க. மின்வாரியம்னு ஒரு பொது நிறுவனம் கடைசி வரைக்கும் தப்ப முடியலை.

இன்னொரு விஷயம் நடந்தது அந்த வழக்கிலே. கோர்ட்டு கட்டிலே இருந்த சில காகிதங்கள் கிழிக்கப்பட்டிருந்தன. மை கொட்டப்பட்டிருந்தது. சில பக்கமே காணோம். விடுவாங்களா அந்த அம்மா? அதுக்குத் தனி வழக்கு. காகிதத்தைக் கெடுத்த குற்றத்துக்கு 2021 நவம்பரிலே தியேட்டர் அதிபர்களுக்கும் ஒரு முன்னாள் கோர்ட்டு ஊழியருக்கும் தண்டனை வந்தது. அடுத்த வருஷம் மேல்முறையீட்டிலே சிறைக்காலத்தைக் குறைச்சாங்க. குற்றவாளி என்ற தீர்ப்பு நின்னது.

ஊர்வலத்தைக் கண்டு பயப்படுறவன் கதவைச் சாத்துவான். காகிதத்தைக் கண்டு பயப்படுறவன்தான் கிழிப்பான்! எதைக் கண்டு அவங்களுக்குப் பயம் அதிகம்னு நடுவர் அய்யா குறிச்சுக்கணும். (கைதட்டல்)

இதே மாதிரி வெள்ளைக்காரன் நாட்டிலேயும் நடந்தது. லிவர்பூல்னு ஒரு துறைமுக ஊர். நம்ம ராயபுரம் மாதிரி உழைக்கிற ஜனம். 1989 ஏப்ரல் 15, கால்பந்துப் பந்தயம் பார்க்க ஷெஃபீல்டு ஊருக்குப் போனாங்க. மைதானத்திலே நெரிசல். 97 பேர் உயிர் போச்சு. போலீஸ் என்ன சொன்னது? “குடிச்சுட்டு வந்தாங்க, கதவை உடைச்சாங்க.” முதல் விசாரணையிலே தற்செயல் சாவுன்னு எழுதியாச்சு. குடும்பங்கள் விடலை. 2012-ல் ஒரு சுயேச்சைக் குழு பழைய கட்டுகளைப் பிரிச்சுப் பார்த்தது. 164 போலீஸ்காரர்களுடைய வாக்குமூலம் திருத்தப்பட்டிருந்தது. அதிலே 116-ல் போலீஸுக்கு எதிரான வரிகளை அடிச்சிருந்தாங்க. 2016-ல் புது விசாரணை ஜூரி சொன்னது: சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேலே தப்பில்லை. 27 வருஷம். தாய்மார்கள் பாட்டிமார்கள் ஆகிவிட்டார்கள்.

நம்ம கும்பகோணத்தைச் சொல்லாம எப்படி? 2004 ஜூலை 16. கூரை வேய்ந்த வகுப்பறை. 94 குழந்தைகள். இதுக்கு மேலே அதைப் பற்றி மேடையிலே வர்ணிக்க எனக்கு மனசு வராது. பெற்றோர்கள் எத்தனை தடவை தஞ்சாவூர் கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க! பத்து வருஷம் கழித்து, 2014 ஜூலை 30-ல் தீர்ப்பு. 21 பேரில் 10 பேருக்குத் தண்டனை. பள்ளி நிறுவனர் மட்டுமில்லை, கல்வித் துறை அலுவலர்களும், கட்டடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளரும் அதிலே உண்டு. 11 பேர் விடுதலை. 2017-ல் உயர் நீதிமன்றம் தண்டனைகளைக் குறைச்சது, சிலரை விடுவித்தது. பெற்றோர்கள் மனசு ஆறலை. ஆறாது. ஆனா அதுக்கப்புறம் தமிழ்நாட்டிலே பள்ளிக்கூடத்துக் கூரைகளைப் பிரிச்சாங்களா இல்லையா? உங்க பேரப்பிள்ளை இன்னைக்கு ஓலைக்குக் கீழே உட்கார்ந்து படிக்கலை.

இப்ப காத்திவாக்கத்துக்கு வர்றேன். உங்க ஊருக்கு வந்து உங்க கதையையே உங்களுக்குச் சொல்றது கொல்லன் தெருவிலே ஊசி விற்கிற கதை. தப்பா இருந்தா எழுந்து சொல்லுங்க.

2017 ஜனவரி 28 விடியற்காலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக்கிச்சு. அன்னைக்கே துறைமுகம் விட்ட அறிக்கையிலே எண்ணெய்க் கசிவு மாதிரி சுற்றுச்சூழல் சேதம் ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் கரையெல்லாம் கறுப்பு. ஆமை செத்து ஒதுங்குது. நம்ம பசங்க வாளியிலே அள்ளினாங்க. கடைசியிலே அரசுக் கணக்கே 251 டன்னு வந்து நின்னது. ‘ஒன்றுமில்லை’யிலிருந்து 251 டன்!

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியா நம்ம முகத்துவாரத்துக்கு வந்தது. அந்த எண்ணெய் வாடை போறதுக்குள்ளே, டிசம்பர் 26 நடுராத்திரி, கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியிலே வரும் குழாயிலிருந்து அம்மோனியா. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க தூக்கத்திலிருந்து எழுந்து கண்ணைக் கசக்கிக்கிட்டு, குழந்தையைத் தூக்கிக்கிட்டு இருட்டிலே ஓடினாங்க. இரண்டையுமே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து எடுத்தது.

“பாருங்க, வக்கீலே இல்லாம தீர்ப்பாயம் எடுத்துச்சே”ன்னு சகோதரி சிரிச்சாங்க. எடுத்தது சரி. எடுத்த பிறகு அங்கே யார் யார் போய் நிக்கிறாங்க? கம்பெனிக்கு சீனியர் வக்கீல். வாரியத்துக்கு வக்கீல். சர்க்காருக்கு வக்கீல். துறைமுகத்துக்கு வக்கீல். குப்பத்துக்கு? அங்கேயும் ஒரு ஆள் எழுந்து, “அய்யா, இவங்க சார்பிலே நான்”னு சொல்லணுமா வேண்டாமா?

அப்படிச் சொன்னதாலே கிடைச்சதுதான் சாம்பல் வழக்கு. அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைஞ்சு உடைஞ்சு கொசஸ்தலையாறு வெள்ளையா ஆகிப் போச்சே, அதுக்கு இந்தப் பக்கத்து மீனவர்களே மனுதாரர். 2022 ஜூலையிலே தென்மண்டல அமர்வு தீர்ப்புச் சொன்னது. எதிரே நின்னது ஒரு தனியார் முதலாளி இல்லை, சர்க்கார் மின் நிறுவனம். அந்த நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டுன்னு காகிதத்திலே எழுதி வாங்கியாச்சு. ஆறு முழுசாச் சுத்தமாச்சான்னு கேக்காதீங்க. போய்ப் பாருங்க, உங்களுக்கே தெரியும்.

எண்ணெய்க்கு அரசு நிவாரணம் அறிவிச்சது. 2,301 குடும்பத்துக்கு 12,500 ரூபாய். 787 படகுக்கு 10,000. இன்னும் 6,700 குடும்பத்துக்கு 7,500. மொத்தம் 8 கோடியே 68 லட்சம். கொடுத்ததைக் குறை சொல்லலை. ஆனா நிவாரணம் வேற, இழப்பீடு வேற. நிவாரணம் கை நீட்டி வாங்குறது. இழப்பீடு கணக்குக் காட்டி வாங்குறது. இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் வக்கீல் நிக்கிறார்.

என் கூடப் படிச்ச ஒருத்தர் இந்தப் பக்கத்திலே வக்கீல். பேர் சொன்னா கோவிச்சுக்குவார். எந்த வருஷம், எந்த ஆபீஸுன்னும் சொல்ல மாட்டேன். ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்திருக்கேன். ஒரு அம்மா வந்தாங்க. இடுப்பளவுத் தண்ணியிலே நின்னு கையாலே எறா தடவிப் பிடிச்சு விக்கிறவங்க. “எல்லாருக்கும் பணம் வந்திருச்சு, எனக்கு மட்டும் பேரில்லைன்னு சொல்லிட்டாங்க தம்பி. படகு நம்பர் கேக்குறாங்க. எனக்கு ஏது படகு? என் கைதான் படகு.”

நான் கண் கலங்கிட்டேன். அவர் கலங்கலை. “அம்மா, எறா யாருக்கு வித்தீங்க?”ன்னார். “ஏவாரிக்கு.” “ஏவாரி சீட்டுக் கொடுப்பாரா?” “துண்டுச் சீட்டு கொடுப்பாரு.” “அது இருக்கா?” “எங்கேயோ அரிசி டப்பாவிலே கிடக்கும்.” “நாளைக்கு அந்த டப்பாவையே எடுத்துக்கிட்டு வாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லலையேன்னு. மறுநாள் அந்த அம்மா ஒரு மஞ்சப் பையிலே இரண்டு வருஷத்துச் சீட்டைக் கொண்டாந்து கொட்டினாங்க. மீன் வாடையோடு! அவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேதிவாரியா அடுக்கினார். இந்த மாசம் இவ்வளவு கிலோ. அந்த மாசம் இவ்வளவு கிலோ. தண்ணி கெட்ட மாசத்திலேயிருந்து ஒன்றுமில்லை. அந்தத் துண்டுச் சீட்டுக்குப் பக்கத்திலே ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, கால் புண்ணுக்குப் போனது. “இதுதான் அம்மா உங்க படகு நம்பர்”னார். (பலத்த கைதட்டல்)

அவர் சொன்னதை இங்கே இருக்கிற தாய்மார்கள் காதிலே போட்டுட்டுப் போறேன். பசுமைத் தீர்ப்பாயத்திலே நஷ்டஈடு கேக்கறதுக்கு, நடந்த நாளிலேயிருந்து அஞ்சு வருஷம்தான். மற்ற சில உத்தரவு கேக்கறதுக்கு ஆறே மாசம். முன்னே சொன்னேனே 1855 சட்டம், அதிலே உயிர் போன நாளிலேயிருந்து இரண்டு வருஷம். போராட்டத்துக்குக் கெடு கிடையாது, என்னைக்கு வேணும்னாலும் பண்ணலாம். வழக்குக்குக் கெடு உண்டு. துக்கத்திலே இருக்கிற வீட்டுக்கு அந்தத் தேதி ஞாபகம் இருக்குமா? பதினாறாம் நாள் காரியம் முடியறதுக்குள்ளே யாராவது ஒருத்தர் அந்த வீட்டிலே உட்கார்ந்து, மெதுவா, “அம்மா, அந்த ரிப்போர்ட்டு காப்பி வாங்கி வச்சுட்டீங்களா?”ன்னு கேக்கணும். கேக்கறவன் கல்நெஞ்சுக்காரன் மாதிரித் தெரிவான்.

வீதியே வேண்டாம்னு நான் சொல்லலை. அம்மோனியா ராத்திரிக்கு அப்புறம் இந்த ஜனங்க நாள் கணக்கிலே உட்காரலைன்னா பேப்பரிலே வந்திருக்காது. பேப்பரிலே வரலைன்னா தீர்ப்பாயம் எடுத்திருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனா பந்தலைப் பிரிச்ச பிறகு, டி.வி. கேமரா அடுத்த ஊருக்குப் போன பிறகு, வாய்தா வாய்தாவா ஏழு வருஷம், பதினாலு வருஷம் யார் போறது?

மணி அடிச்சுட்டாங்க. நடுவர் அய்யா முறைக்கிறார். ஒரே நிமிஷம் அய்யா. அந்த வக்கீல் நண்பரை இன்னைக்குப் பட்டிமன்றத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். “நாளைக்கு சேப்பாக்கத்திலே வாய்தா, காலையிலே முதல் வண்டி பிடிக்கணும், கட்டைப் பார்த்து முடிக்கலை”ன்னுட்டார். அதோ, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மாடியிலே ஒரு விளக்கு எரியுது பாருங்க, அது அவர் வீடுதான்.